தரைக்கு அடியில் ஒரு வெள்ளைப் பலகை

மாணவர்களே, குளிர்காலத்தில் தென் கொரியாவுக்குச் சென்று வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் காலணியைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தால் தரை இதமாகச் சுடும் என்பார்கள். இந்த முறைக்கு ஒண்டோல் என்று பெயர். முற்காலத்தில் அடுப்பின் சூடான புகையைத் தரைக் கற்களுக்கு அடியில் ஓடவிட்டார்கள். இன்றைய வீடுகளில் தரைக்குள் வளைந்து வளைந்து செல்லும் குழாய்களில் சுடுநீர் ஓடுகிறது.

அந்தக் குழாய்களுக்குக் கீழே போலிஸ்திரின் பலகை இருக்கும். மீன் சந்தையில் ஐஸ் பெட்டியாக நீங்கள் பார்க்கும் அதே வெள்ளைப் பொருள்தான். 'வெப்பம் மேலேதானே போகும், கீழே எதற்குக் காப்பு?' என்று கேட்கத் தோன்றுகிறதா? பலரும் குழம்பும் இடம் இது. மேலே எழுவது சூடான காற்றும் சூடான நீரும்; அது வெப்பச் சலனம். திடப்பொருளுக்குள் நடப்பது வெப்பக் கடத்தல். அதற்கு மேல் கீழ் தெரியாது. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். அடியில் குளிர்ந்த மண் இருந்தால் மண்ணுக்கும் போகும். அடியில் இன்னொரு வீடு இருந்தால், உங்கள் எரிவாயுக் கட்டணத்தில் கீழ்வீட்டுக்காரரின் கூரை சூடாகும்!

போலிஸ்திரின் பலகையில் ஏறக்குறைய 98 விழுக்காடு காற்றுதான். சிறு சிறு அறைகளுக்குள் அடைபட்ட காற்றால் நகர முடியாது. அதனால் பலகை நல்ல அரிதிற் கடத்தி ஆகிறது.

கணக்குப் போடுவோம். குழாய் அடுக்கு 40 பாகை செல்சியஸ், மண் 10 பாகை என்று கொள்வோம். வேறுபாடு 30. பலகையின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.035 வாட்/மீட்டர் கெல்வின். தடிப்பு 5 செ.மீ., அதாவது 0.05 மீட்டர்.

0.035 × 30 ÷ 0.05 = 21

சதுர மீட்டருக்கு 21 வாட் கீழே போகிறது. 15 சதுர மீட்டர் அறையில் 315 வாட். இதே தடையைக் கான்கிரீட்டால் மட்டும் பெற வேண்டுமானால் சுமார் 2 மீட்டர் தடிப்புக்கு ஊற்ற வேண்டும்.

பலகையை 10 செ.மீ. ஆக்கினால் இழப்பு 10.5 வாட், 15 செ.மீ. ஆக்கினால் 7 வாட். கவனித்தீர்களா? முதலில் கூட்டிய 5 செ.மீ. 10.5 வாட்டை மிச்சப்படுத்தியது. அடுத்த 5 செ.மீ. 3.5 வாட்டை மட்டுமே.

பலகைக்குப் பதிலாகப் பளபளக்கும் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேலேயே கான்கிரீட் ஊற்றுபவர்களும் உண்டு. இது வீண்செலவு. பளபளப்பு தடுப்பது வெப்பக் கதிர்வீச்சை. அதற்குத் தாளின் ஒரு பக்கமாவது காற்று இடைவெளி வேண்டும். இரு பக்கமும் திடப்பொருள் ஒட்டிக்கொண்டால், அலுமினியம் வெறும் எளிதிற் கடத்திதான். தவறு பிறகு தெரிய வந்தாலும் பயனில்லை, தரையையே உடைக்க வேண்டும்.

இப்போது உங்கள் முறை. அடியில் மண்ணுக்குப் பதிலாக 22 பாகையில் ஒரு வீடு இருக்கிறது; பலகை 5 செ.மீ. சதுர மீட்டருக்கு எத்தனை வாட் கீழே போகும்? (விடை: 12.6 வாட்)