வைஃபை இருக்கு, பேஜ் வருதில்ல: போர்ட்டல் சர்வரைக் கண்காணிப்பது எப்படி?

“வைஃபை ஃபுல்லா காட்டுது, பேஜ்தான் வருதில்ல.” சீசனில் அறுகம்பே விடுதிக்காரர்களுக்கும், கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றில் டியூட்டரியோ நூலகமோ நடத்துபவர்களுக்கும் பழகிப்போன முறைப்பாடு இது. அக்செஸ் பொயின்டும் ஃபைபரும் நன்றாகவே வேலை செய்யும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கத்தைத் தரவேண்டிய போர்ட்டல் சர்வர் விழுந்து கிடக்கும். அது விழுந்தது சுவிட்சுக்குத் தெரியாததால், வருகிற எல்லோரையும் திறக்காத அந்தப் பக்கத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். சர்வர் விழுந்ததைச் சுவிட்ச் தானே அறியவேண்டும். அறிந்தபின் என்ன செய்வது என்பதையும் நாம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

முதலில் நோயைச் சரியாகப் பிரித்துப் பாருங்கள். பக்கமே திறக்காவிட்டால் சந்தேகம் போர்ட்டல் சர்வர் மேல். பக்கம் திறந்து, கடவுச்சொல் கொடுத்தபின் சுற்றிக்கொண்டே நின்றால், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரைப் பாருங்கள். அதன் கண்காணிப்பு வேறு. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனங்களுக்காக உள்ள எடுரோம் சேவைக்கு உள்நுழைவுப் பக்கமே கிடையாது. ஆகவே இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

பலர் சர்வருக்கு பிங் போட்டுப் பார்த்து, பதில் வந்தால் திருப்திப்படுகிறார்கள். அது போதாது. கணினி உயிரோடிருந்து பிங்குக்குப் பதில் சொல்லும். அதற்குள் ஓடும் போர்ட்டல் சேவை மட்டும் நின்றிருக்கும். ஹுவாவே, எச்3சி சுவிட்ச் போன்ற சாதனங்கள் இதற்கு வேறு வழி வைத்திருக்கின்றன. சர்வர் குறித்த இடைவெளியில் “இருக்கிறேன்” என்று ஹார்ட்பீட் செய்தி அனுப்பும். அது வராமல் போனால் சாதனம் சர்வரை விழுந்ததாகக் கணக்கிடும்.

ஆகவே வேலையைச் சர்வர் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். போர்ட்டல் மென்பொருளில் ஹார்ட்பீட்டை இயக்கி, எத்தனை விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டுச் சாதனத்தில் மட்டும் கண்காணிப்பைப் போட்டால், நன்றாக இருக்கும் சர்வரையும் அது விழுந்ததாகவே சொல்லும். இடையில் ஃபயர்வோல் இருந்தால் யூடிபி 2000, 50100 ஆகிய போர்ட்டுகளைத் திறந்துவிடுங்கள். முன்னது வழக்கமாகச் சாதனத்தின் பக்கம், பின்னது சர்வரின் பக்கம்.

அடுத்தது சாதனம். ஹுவாவேயில் வெப் ஓத் சர்வர் பகுதிக்குள் போய் சர்வரின் ஐபி, போர்ட், பகிர்சாவி மூன்றும் சர்வரில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா பாருங்கள். பிறகு சர்வர் டிடெக்ட் கட்டளையைக் கொடுங்கள். இடைவெளி 60 விநாடி, தவறும் எண்ணிக்கை 3 என்று வைத்தால், ஏறத்தாழ 3 நிமிடத்தில் விழுந்தது தெரிந்துவிடும். இந்த இடைவெளி ஹார்ட்பீட் இடைவெளியைவிடக் கூடுதலாகவே இருக்கவேண்டும். அவசரப்பட்டு மிகக் குறைத்தால், ஓரிரு செய்தி வழியில் தொலைந்ததற்கெல்லாம் சர்வர் விழுந்ததாகப் பதிவாகும்.

இனித்தான் யோசிக்கவேண்டிய இடம்: சர்வர் விழுந்தால் என்ன செய்வது? லொக் எழுதுவதையும் ட்ராப் எனும் எச்சரிக்கைச் செய்தி அனுப்புவதையும் எல்லோரும் போடலாம். எல்லோரையும் உள்ளே விடுவது இடத்தைப் பொறுத்தது. விருந்தினருக்கு மட்டுமான விடுதி வைஃபையில் திறந்துவிடுங்கள். ஆனால் அந்த நேரத்தில் யார் பயன்படுத்தினார் என்ற பதிவு இருக்காது. வைத்தியசாலையிலும் அலுவலகத்திலும் முழுதாகத் திறப்பது தவறு, நோயாளர் பதிவும் கணக்கும் அதே வலையமைப்பில் இருக்கலாம். அங்கே இணையத்துக்கு மட்டும் போகக்கூடிய ஒரு பயனர் குழுவை அமைத்து, சர்வர் விழும் வேளையில் வருவோரை அதில் சேருங்கள். சர்வர் எழுந்ததும் மறு அங்கீகாரம் கேட்கும்படியும் வையுங்கள். பயனர் ஒத்திசைவையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் சர்வரில் ஒரு பட்டியலும் சாதனத்தில் இன்னொரு பட்டியலும் இருக்கும்.

சின்ன இடங்களில் மைக்ரோடிக் ரவுட்டர் இருக்கலாம். அதன் ஹொட்ஸ்பொட் பக்கம் பெரும்பாலும் ரவுட்டருக்குள்ளேயே இருப்பதால் தனிக் கண்காணிப்பு தேவையில்லை. பக்கம் வெளிச் சர்வரில் இருந்தால் நெட்வொச்சில் எச்டிடிபி சோதனையைத் தெரிவுசெய்யுங்கள். ரவுட்டர்ஓஎஸ் 7 இல் அது உண்டு. விழும்போது ஐபி பைண்டிங்கில் பைபாஸ் வரியை இயக்கவும், எழும்போது நிறுத்தவும் இரண்டு ஸ்கிரிப்ட் எழுதினால் போதும்.

சோதிக்காமல் எழும்பவேண்டாம். கேபிளைக் கழற்றுவது மட்டும் சோதனையாகாது. சர்வரை ஓடவிட்டு போர்ட்டல் சேவையை மட்டும் நிறுத்துங்கள். அந்த வைஃபையை மறக்கவைத்த ஒரு ஃபோனில் இணைந்து பாருங்கள். லொக்கில் சர்வர் விழுந்த வரி வருகிறதா, நேரம் இலங்கை நேரமா என்று கவனியுங்கள். சர்வர் அடிக்கடி விழுந்து எழுவதாக லொக் காட்டினால், எண்களை மாற்றுமுன் சர்வருக்குப் போகும் கேபிளின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கடற்காற்றில் ஆர்ஜே45 முனையின் உலோகப் பற்களில் பச்சை படர்ந்திருந்தால், புது முனை அடிப்பதுதான் தீர்வு.

சுவிட்சையும் சர்வரையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடுங்கள். எல்லாம் சரியானதும் சேவ் கொடுங்கள். ஹுவாவே, எச்3சி சாதனங்களில் சேவ் செய்யாத அமைப்பு அடுத்த முறை கரண்ட் போய் வரும்போது இருக்காது.