மலையில் தடம் தவறினால்



மதுரையை அடுத்த சமயநல்லூரில் வளரும் ஒருவர் திசை தவறுவது அரிது. வடக்கே சிறுமலை, தெற்கே வைகை, ஊரை ஒட்டித் திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் என்று அடையாளங்கள் எப்போதும் கண்ணில் படுவதோடு, எந்த வாய்க்காலைப் பிடித்து நடந்தாலும் அது ஒரு கண்மாயில் சேர, கண்மாய்க்கரை ஓர் ஊரில் கொண்டுபோய் விடும். சமவெளி கற்றுத்தந்த இந்த அறிவே மலையில் அவரைக் கைவிடுகிறது என்பதை, மார்கழி, தை மாதங்களில் நண்பர்களோடு கொடைக்கானல் பக்கம் மலையேறப் புறப்படும் இளைஞர் அறிந்திருக்க வேண்டும்.

கொடைக்கானல் அமைந்த பழனிமலைத் தொடரின் உயர்பகுதி புல்வெளியும், மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் குட்டை மரக்காடாகிய சோலையும் கலந்தது. அங்கே காட்டுமாடுகள் நடந்து நடந்து உண்டாக்கிய தடங்கள் மனிதர் நடக்கும் ஒற்றையடிப் பாதையைப் போலவே தெளிவாகத் தோன்றிப் பின்னர் புதருக்குள் மறைந்துவிடுகின்றன. பைன் தோப்புகளிலோ உதிர்ந்த ஊசியிலைகள் பாதையை மூடிவிட, எல்லா மரவரிசைகளும் ஒன்றுபோலவே தெரிகின்றன. இவற்றின்மேல் மூடுபனியும் இறங்கினால், பத்தடிக்கு அப்பால் நிற்கும் நண்பரே தெரியாமல் போகிறார்.

இந்நிலையில், நேராக நடந்தால் எங்காவது சேரலாம் என்னும் நம்பிக்கை தவறானது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், காட்டிலும் சகாரா பாலைவனத்திலும் நடக்கவிடப்பட்டவர்கள் கதிரவனோ நிலவோ தெரிந்தவரை ஏறக்குறைய நேராகச் சென்றனர். வானம் மூடியபோது, தாம் நடந்த வழியையே மீண்டும் குறுக்கிடுவதை அறியாமல் வட்டமிட்டனர். ஆகவே ஐயம் எழுந்த அந்தக் கணத்திலேயே எல்லோரும் ஓரிடத்தில் நின்று, உறுதியாக அறிந்த கடைசி இடம் எது என்று பேசி முடிவுசெய்து, வந்த சுவடு தெளிவாகத் தெரிந்தால் மட்டும் ஒன்றாகவே திரும்ப வேண்டும். கால் வலுவுள்ள ஒருவர் மட்டும் முன்னே போய்ப் பார்த்துவரப் புறப்படுவது துணிச்சல்போலத் தோன்றினாலும், ஒரு குழுவை இரண்டாக்கித் தேடுவோரின் வேலையையும் இரட்டிப்பாக்குகிறது.

ஓடையைப் பின்தொடர்ந்து இறங்குவதும் ஆபத்தே. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடை ஊரைச் சேருமுன் பல இடங்களில் செங்குத்துப் பாறையில் அருவியாக விழுகிறது. வழுக்கும் பாறையில் பாதிவரை இறங்கியவர் மேலேறவும் முடியாமல் சிக்கிக்கொள்கிறார்.

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைவதால், மதுரையைவிட ஏறத்தாழ 2,000 மீட்டர் உயர்ந்த இடத்தில் 13 பாகை கூடுதல் குளிர் இருக்கும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கும் நிலையாகிய உடல்வெப்பத் தாழ்வுக்கு உறைபனி தேவையில்லை. நனைந்த பருத்திச் சட்டையும் காற்றுமே போதும். நடுங்கிக்கொண்டிருந்தவர் உடல் சூடேறாமலே நடுக்கம் நின்று, பேச்சுக் குழறித் தடுமாறினால், நிலை முற்றிவிட்டது என்று பொருள். ஈர உடையை மாற்றி, தரைக்கும் உடலுக்கும் இடையே பைகளையோ காய்ந்த தழையையோ பரப்பி, நெருங்கி உட்கார்ந்து விடியும்வரை காத்திருப்பது இரவில் நடப்பதைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது.

குளிருக்குத் தீ மூட்டத் தோன்றும். ஆனால் தைக்குப் பின் புல் காய்ந்துவிடுவதால் தீ எளிதில் பரவிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிய குழுவினர் சிக்கிச் சிதறியதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீக்காயமுற்ற பலர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அதன் பிறகே மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைத் தமிழக அரசு அதே ஆண்டில் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில், அந்தந்த மலையை அறிந்த உள்ளூர் வழிகாட்டிகள் உடன்வருகின்றனர். அவர்களோ அனுமதியோ இன்றிக் காட்டுக்குள் நுழைவது எந்த வயதிலும் வீரமாகாது.

தம்பி, வரைபடத்தை முன்பே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், தொடர்பு கிடைக்காத இடத்திலும் அது இருப்பிடத்தைக் காட்டும். ஒரு விசிலும் எடுத்துச் செல். நிமிடத்திற்கு ஆறுமுறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலையேறுவோர் உதவி கோரும் குறி. செல்லும் தடத்தின் பெயரையும், உடன்வருவோர் பெயர்களையும், திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ. நேரம் தவறினால் 112-ஐ அழைக்கவேண்டும் என்பதையும் சொல்லிவை.