காளானின் அடியையும் பாருங்கள்



ஐப்பசி மழை விழுந்ததும் நம் மலைகளில் காளான் தலைகாட்டும். போன மழைக்கு லயத்துப் பிள்ளை ஒருவன் போனில் ஒரு படத்தைக் காட்டி, "ஐயா, இது புத்துக்காளான் தானே, ஆக்கலாமா?" என்று கேட்டான். படத்தில் குடை மட்டுமே இருந்தது. எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

காளானின் அடையாளத்தில் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. கறையான் தன் கூட்டில் ஒரு வகைப் பங்கசை வளர்க்கும். அதிலிருந்து முளைப்பதே புத்துக்காளான். அதன் காம்பு வேர் போல நீண்டு கூடு வரை இறங்கும். பேராதனையில் இருந்து கறையான் கூட்டுப் பங்கசுகளை ஆராய்ந்து 1906இல் எழுதியவர் டொம் பெட்ச். பின்பு தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரும் அவரே.

'அமனிட்டா' இனத்தில் கொடிய நஞ்சுள்ளவை உண்டு. அவற்றின் காம்பில் பெரும்பாலும் வளையமும், அடியில் பை போன்ற உறையும் இருக்கும். மேலாகப் பிடுங்கினால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும்.

படம் எடுக்கும் முறை:

1. முளைத்த இடம், பக்கத்து மரம், புற்று.
2. குடையின் மேல்பக்கம். அளவு தெரிய ஐந்து ரூபாக் குத்தி ஒன்றை அருகில் வையுங்கள்.
3. குடையின் அடித் தகடுகள்.
4. கத்தியால் தோண்டி எடுத்த முழுக் காம்பு.

ஹப்புத்தளை தங்கமலை சரணாலயத்தில் எதையும் பிடுங்க வேண்டாம். படம் மட்டும் போதும்.

வீட்டில் குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கோப்பையால் மூடி ஓர் இரவு வையுங்கள். வித்தித் தூளின் நிறம் பதியும். புல்லில் முளைக்கும் ஒரு வெள்ளைக் குடை பச்சைத் தூள் விடும். அதைத் தின்றால் சில மணி நேரத்திலேயே வாந்தியும் பேதியும்தான். கையைக் கழுவ மறவாதீர்கள்.

பூண்டு கறுக்கவில்லை, பூச்சி தின்றிருக்கிறது, நன்றாக அவித்துவிட்டோம் என்ற கணக்கெல்லாம் உயிரைக் காக்காது. அமனிட்டா நஞ்சு அவித்தாலும் போகாது. 6 மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். ஒரு நாளில் சுகமானது போலிருக்கும். அந்த நேரத்தில்தான் ஈரல் கெடும். சுகமென்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸை அழைத்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சக் காளானையும் படத்தையும் கொண்டுபோங்கள்.

படம் அறிவதற்கு, சட்டியில் போட அது சாட்சி ஆகாது. சந்தேகம் வந்தால் தொடவே வேண்டாம்.