கல்வெட்டில் பெயர் வராத காணிக்கை



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சபைகளில் மருத்துவமனைக்கென்று காணிக்கை எடுத்தால், "கட்டிலுக்கு", "ஆம்புலன்சுக்கு" என்று குறித்துக் கொடுப்பவர்கள் அநேகர். மின்கட்டணத்துக்கு என்று உறையில் எழுதுகிறவர் அபூர்வம்.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-ல் எழும்பியது, நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரால். அருமையான ஈவு. ஆனால் கட்டடத்துக்கென்று கொடுத்த பணத்தை எந்த மருத்துவமனையும் மருந்துக்கு எடுக்க முடியாது. டெங்கு பரவும் மாதத்தில் கையில் பணமிராது. கண்ணாடி வாங்கக் குறித்த தொகையோ வங்கியில் அப்படியே கிடக்கும்.

இதனால்தான் சில பெரிய அறக்கட்டளைகள் இன்னதற்கென்று குறிக்காமல் கொடுக்கின்றன. ஃபோர்டு அறக்கட்டளை 2016-ல் தொடங்கிய 'பில்ட்' திட்டத்துக்கு 100 கோடி டாலர் ஒதுக்கி, நிறுவனங்களுக்கு ஐந்தாண்டு ஆதரவை உறுதி செய்தது. எந்த மாதம் எது குறைவு என்பது உள்ளே வேலை செய்கிறவர்களுக்குத்தானே தெரியும்!

நம் நாட்டில் இன்னொரு நெருக்கமும் உண்டு. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்குச் செலவிடும் உச்சவரம்பை 2020-ம் ஆண்டின் சட்டத் திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. மருத்துவர் சம்பளம் இதில் சேராது. அலுவலக ஊழியர் சம்பளம், அலுவலக மின்சாரம், தொலைபேசி, கணக்கெழுதும் செலவு எல்லாம் சேரும். கணக்கர் சம்பளம் வீண் என்பாருண்டு; அவரில்லாமல் உங்கள் ரசீதை எழுதுவது யார்? அந்த வரம்புக்கு மேற்பட்ட செலவை உள்ளூர்க் காணிக்கைதான் தாங்கவேண்டும்.

அடுத்த முறை உறையின் மேல் 'பொதுச் செலவுக்கு' என்று எழுதிக் கொடுங்கள்.