‘பிளாக்கேடு’ – ‘முற்றுகை’: பெயர்ப்புச் சிக்கல்

ஆங்கிலப் ‘பிளாக்கேடு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் ‘முற்றுகை’ என்பதே பெருவழக்கு. ‘சீஜ்’ என்பதற்கும் அதுவே வழங்குவதால், இருவேறு போர்ச்செயல்கள் ஒரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன.

‘சீஜ்’, இருக்கை என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. கோட்டைமுன் படை அமர்ந்து அதனைக் கைப்பற்ற முயல்வதைக் குறிக்கும். தொல்காப்பியர் உழிஞைக்குக் கூறும் அரண் சூழ்தலும் கைக்கொள்ளுதலும் இதனோடு ஒக்கும். ‘முற்று’ என்னும் வினையடியும் சூழ்தற்பொருளதே. ஆகவே ‘சீஜ்’ என்பதற்கு முற்றுகை பழுதற்ற பெயர்ப்பு.

‘பிளாக்கேடு’ அத்தகையதன்று. போக்குவரத்தை, சிறப்பாகக் கடல்வழியை, அடைப்பதே அதன் பொருள்; இடத்தைக் கைப்பற்றும் நோக்கம் கட்டாயமன்று. 1861இல் லிங்கன் தென்மாநிலத் துறைமுகங்கள்மீது அறிவித்தது இதுவே. நடைமுறையில் கப்பல்களைத் தடுக்க இயலாத அடைப்பு எவரையும் கட்டுப்படுத்தாது என 1856ஆம் ஆண்டுப் பாரிசு அறிக்கை வரையறுத்தது.

பன்னாட்டுச் சட்டம் இதனைப் போர்ச்செயலாகக் கருதும். அதனாலேயே கென்னடி, 1962 அக்டோபர் 22ஆம் நாள் உரையில், கியூபாவுக்கு எதிரான கடற்படை நடவடிக்கையைக் ‘குவாரண்டைன்’ என்றார். நோய்த்தடுப்புக்காக ஒதுக்கிவைத்தலைச் சுட்டும் சொல் அது. அவ்வுரையைத் தமிழாக்குவோர் அவ்விடத்தில் ‘முற்றுகை’ என எழுதினால், அவர் வேண்டுமென்றே விலக்கிய சொல்லை அவர் கூற்றாகவே ஆக்கியவராவர்.

‘பிளாக்கேடு’ என்பதற்கு ‘வழியடைப்பு’ எனல் தகும். 1948இல் மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் சாலை, இருப்புப்பாதை, நீர்வழிகளைச் சோவியத் ஒன்றியம் மூடியதற்கும் இச்சொல் பொருந்தும்.