பித்தநாளத்தின் பிறவி வேறுபாடுகள்

மருத்துவம் பயிலாத நண்பர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் வலம், இடம் என்னும் இரு நாளங்களின் வழியே வெளிவருகிறது. அவை இணைந்து கல்லீரல் பொதுநாளம் ஆகின்றன. பித்தப்பையின் சிறுநாளம் அதனுடன் சேர்ந்தபின், அது பொதுப் பித்தநாளம் எனப் பெயர் பெற்று முன்சிறுகுடலை அடைகிறது. பாடநூல் காட்டும் படம் இது.

எல்லா உடலும் இப்படத்தை ஒத்திருப்பதில்லை. கருவின் நான்காம் வாரத்தில் முன்குடலிலிருந்து ஒரு மொட்டு அரும்புகிறது. கல்லீரலும் பித்தப்பையும் நாளங்களும் அதிலிருந்தே வளர்கின்றன. அவ்வளர்ச்சியில் நேரும் மாறுதலே பிறவி வேறுபாடு. சிலருக்குப் பித்தப்பை நாளம் பொதுநாளத்தை ஒட்டியே நெடுந்தூரம் இறங்கிக் கீழே சேரும்; சிலருக்கு அதைச் சுற்றிச் சென்று இடப்புறத்தில் சேரும்; வேறு சிலருக்குக் கல்லீரலின் வலப் பின்பகுதி நாளம் தனித்து இறங்கிப் பித்தப்பை நாளத்திலேயே கலக்கும்.

இவற்றால் பெரும்பாலும் துன்பம் இல்லை, உடையவரே அறியார். கற்களுக்காகப் பித்தப்பையை அகற்றும்போதுதான் ஆபத்து நேர்கிறது. பொதுநாளத்தைச் சிறுநாளம் என்று கருதி வெட்டிவிட்டால் பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். அல்லது வழியடைபட்டு மஞ்சட்காமாலை தோன்றும். எளிய அறுவைக்கு வந்தவர் பல ஆண்டுகள் துன்புற நேரும்.

பித்தப்பையை முதன்முதல் அகற்றியவர் பெர்லின் நகரத்து லாங்கன்புக், ஆண்டு 1882. அறுவைக்கிடையே நாளங்களில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை 1931இல் அர்ஜென்டினாவின் மிரிஸ்ஸி வகுத்தார். அதன் பயனை நான் நேரில் கண்டேன். நான் உடனிருந்த ஓர் அறுவையில், பித்தப்பை நாளத்தில் மெல்லிய குழல் ஒன்று வந்து சேர்வதைக் கண்ட மூத்த மருத்துவர் கையை நிறுத்தினார். சாயம் செலுத்திப் படம் எடுத்தார். அக்குழல் கல்லீரலின் வலப் பின்பகுதி நாளமே! அது சேரும் இடத்திற்கு மேலே, பித்தப்பையின் பக்கமாகக் கவ்வியிட்டு வெட்டினார். அந்நாளம் பிழைத்தது.

1995இல் ஸ்ட்ராஸ்பர்க் முதலியோர் இன்றும் போற்றப்படும் விதியைத் தெளிவாக்கினர். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் இடைப்பட்ட முக்கோணத்திலுள்ள கொழுப்பையும் நார்த்திசுவையும் நீக்கவேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றிலொரு பகுதியைக் கல்லீரலினின்று பிரிக்கவேண்டும். நாளம், தமனி என்னும் இரண்டு மட்டுமே பித்தப்பையுள் நுழைவதைக் காணவேண்டும். அதன் பின்னரே வெட்டலாம். அவ்வாறு காண இயலாவிடில் படம் எடுப்பதோ, மூத்தவரை அழைப்பதோ, பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் அகற்றி முடிப்பதோ தக்கது.

உடன் பயிலும் தோழர்களே, பாடநூற்படத்தை நன்கு கற்போம். ஆனால் மேசைமீது கிடப்பவர் அப்படத்திற்கு மாறானவராக இருக்கலாம் என்னும் ஐயத்தோடே கத்தியை எடுப்போம்.