கணினிக்கு ஒரு புது மானிட்டர்

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுக் கணினியின் மானிட்டர் திடீரென்று இருண்டுவிட்டது. என் அம்மா வீட்டிலிருந்தபடியே தமிழ்த் தட்டச்சு வேலை செய்பவர்கள். பாதி முடிந்த கையெழுத்துப் பிரதி மேசைமேல் கிடந்தது. நான்கு நாளில் கொடுத்தாக வேண்டும். அப்பா கணக்குப் பார்த்து 7000 ரூபாய் ஒதுக்கினார்கள். அதற்கு மேல் ஒரு காசும் கிடையாது. அப்போது நான் கற்றுக்கொண்டதை என் அருமைத் தோழியருக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில், பழையது மெய்யாகவே பழுதா என்று பார்க்க வேண்டும். எங்கள் கணினி ஆசிரியையான சிஸ்டர் அவர்கள், "கேபிளை மாற்றிப் பார், பிறகு இருட்டில் டார்ச் அடித்துப் பார்" என்றார்கள். திரையிலுள்ள திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. பின்னாலுள்ள விளக்குதான் ஒளி தருகிறது. மானிட்டர் ஓடும்போது டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால், நிழல்போல எழுத்துகள் தெரிந்தன. ஆகவே, அணைந்தது பின்விளக்கே என்று புரிந்தது. ஆனால் பழுது பார்க்கக் கேட்ட கூலியோ, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாக இருந்தது. புதிது வாங்கவே முடிவு செய்தோம்.

அடுத்தது அளவு. அண்ணன், "பழைய மானிட்டர் விற்கும் கடையில் 27 அங்குலம் இதே விலைக்குக் கிடைக்கும்" என்றான். எனக்கும் ஆசைதான். ஆனால் திரையின் அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளக்கும் நீளம் மட்டுமே. படம் தெளிவது பிக்சல் எனப்படும் நுண்ணிய கட்டங்களால். ஃபுல் எச்.டி. திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள் உண்டு. 21.5 அங்குலத் திரையில் ஓர் அங்குல நீளத்துக்கு ஏறத்தாழ 102 பிக்சல்கள் அமைகின்றன. அதே எண்ணிக்கையை 27 அங்குலத்தில் பரப்பினால் சுமார் 82 மட்டுமே. எழுத்து பெரிதாகும், ஆனால் விளிம்பு சொரசொரப்பாகும்.

இதைச் சோதிக்க, அம்மா தட்டச்சு செய்த ஒரு பக்கத்தைப் பென் டிரைவில் கடைக்குக் கொண்டுபோனோம். பெரிய திரைமுன் அமர்ந்த அம்மா, "மெய்யெழுத்தின் புள்ளி கரடுமுரடாகத் தெரிகிறதே" என்றார்கள். புள்ளி தவறினால் ‘கண்’ ‘கண’ ஆகிவிடும் அல்லவா? சிறிய திரையில் அது தெளிவாக இருந்தது. அண்ணனும் ஒப்புக்கொண்டான்.

மூன்றாவது, திரையின் வகை. ஐ.பி.எஸ். வகையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது; டி.என். வகையில் மாறும். நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதைக் கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். விளையாட்டுக்கு அது உதவும். தட்டச்சுக்கு 60 முறையே போதும்.

நான்காவது, இணைப்பு. இதில்தான் நான் ஏமாறப் பார்த்தேன். 5200 ரூபாய்க்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமே இருந்தது. எங்கள் பழைய கணினியிலோ வி.ஜி.ஏ. மட்டுமே உண்டு. இடையில் மாற்றுக் கருவி வாங்கினால் செலவு கூடும். இரண்டு துளைகளும் உள்ளதை 6400 ரூபாய்க்கு வாங்கினோம். கணினி மாறினாலும் அது பயன்படும்.

பணம் கொடுக்குமுன் திரை முழுவதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறமாகக் காட்டச் சொல்லுங்கள். செத்த பிக்சல் இருந்தால் தெரிந்துவிடும். உத்தரவாதச் சீட்டில் கடை முத்திரையும் தேதியும் பெறுங்கள். மலிவான மானிட்டர்களின் தாங்கி பெரும்பாலும் உயராது. நாங்கள் இரண்டு தடித்த புத்தகங்களை அடியில் வைத்து, திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தோம்.

பழையதைக் குப்பையில் எறியாதீர்கள். பழைய தட்டைத் திரைகள் பலவற்றின் விளக்கில் பாதரசம் உண்டு. மின்கழிவு சேகரிப்போரிடம் சேர்ப்பதே முறை.

அம்மா குறித்த நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். "மாலையில் கண் எரியவில்லை" என்று அவர்கள் சொன்னபோது, மிச்சமான 600 ரூபாயைவிட அதுவே எனக்குப் பெரிய இலாபமாகத் தோன்றியது. தோழியரே, ஒரு பொருளை வாங்கும்போது அது எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட, யார் கண்ணுக்கு, எந்த வேலைக்கு என்று பார்ப்பதே அறிவுடைமை.

– பத்தாம் வகுப்பு மாணவி